வானுக்கு ரீகோல் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? (ஜப்பான் வான், காம்பர் ஆக்கும் வேலை நடக்கிறது)

இரணைமடுக் காற்று, கிளிநொச்சி | ஞாயிறு இரவு 8.10

வணக்கம். வாகன அலுவல் தெரிந்தவர்களிடம் ஒரு உதவி வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கார் சேலில் ஜப்பான் வான் ஒன்று வாங்கினேன். ஜப்பானில் ஓடி, கப்பலில் வந்து, இங்கே ஒருவரின் கையில் சில வருடம் இருந்து என்னிடம் வந்தது. இப்போது பின் சீற்றுகளைக் கழற்றி அதைக் காம்பர் வானாக மாற்றிக் கொண்டிருக்கிறேன். பலகைக் கட்டில், இரண்டு அடுப்பு, 60 லீற்றர் தண்ணீர்த் தாங்கி, ஒரு பற்றரி. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், பஸ்ஸில் ஏறி இறங்க முடியாது. வற்றாப்பளைப் பொங்கலுக்கும் மடுவுக்கும் நாயாற்றுக் கடற்கரைக்கும் அவவை ஆறுதலாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

போன கிழமை ஜேர்மனியில் இருக்கும் சித்தப்பாவின் மகன் கதைத்தான். அவனிடமும் காம்பர் வான் இருக்கிறது. ஒரே வருடத்தில் இரண்டு கடிதம் வந்ததாம். ஒன்று வானைச் செய்த கம்பனியிடமிருந்து, மற்றது உள்ளே இருக்கும் கேஸ் ஹீற்றரைச் செய்த கம்பனியிடமிருந்து. உங்கள் வாகனத்தில் ஒரு பிழை இருக்கிறது, கொண்டு வாருங்கள், காசு வாங்காமல் திருத்தித் தருகிறோம் என்று எழுதியிருந்தார்களாம். இதைத்தான் ரீகோல் என்கிறார்கள். "உங்கட வானுக்குப் பார்த்தீங்களா அண்ணா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

வாங்கிய இடத்தில் கேட்டேன். அது வெளிநாட்டு ஆட்களுக்கு, இங்கே வந்த பிறகு அந்தக் கதை இல்லை என்றார்கள். அமெரிக்க அரசாங்கத்தின் இணையப் பக்கத்தில் செசி இலக்கத்தை, அதாவது வாகனத்தின் உடலில் குத்தியிருக்கும் இலக்கத்தை, அடித்துப் பார்த்தேன். இலக்கம் பிழை என்று வந்தது. அப்படியென்றால் ரீகோல் இல்லை என்றுதானே அர்த்தம்?

ஓமந்தை கராச் | ஞாயிறு இரவு 9.25

இல்லைத் தம்பி. நீங்கள் தட்டிய கதவே வேறு.

அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் செய்யும் வாகனங்களுக்கு எழுத்தும் இலக்கமுமாக 17 இடம் கொண்ட வின் எண் இருக்கும். ஜப்பான்காரர் தங்கள் நாட்டுக்குள் விற்கும் வாகனத்துக்கு அது கிடையாது. முன்னுக்கு மாதிரிக் குறி, நடுவில் ஒரு கோடு, பின்னுக்குத் தொடர் இலக்கம். அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் ஒரு வானைக் 'கேடிஎச்' என்று கூப்பிடுகிறோமே, அந்தப் பெயரே செசி இலக்கத்தின் முதல் மூன்று எழுத்திலிருந்து வந்ததுதான். அந்த இலக்கத்தை அமெரிக்கப் பக்கத்தில் அடித்தால் அதற்கு விளங்காது. என்னிடம் வருகிறவர்களில் பலர் இப்படிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் வானைச் செய்த கம்பனியின் ஜப்பான் பக்கத்துக்குப் போங்கள். ஏற்றுமதிப் பக்கம் அல்ல, ஜப்பான் ஆட்களுக்காக ஜப்பான் மொழியில் நடத்தும் பக்கம். தொலைபேசியிலேயே மொழிபெயர்த்துக் காட்டும். ரீகோல் என்பதை அவர்களும் 'ரிகோரு' என்றுதான் எழுதுகிறார்கள். அங்கே இரண்டு பெட்டி இருக்கும். கோட்டுக்கு முன் உள்ளதை முதல் பெட்டியிலும் பின் உள்ளதை இரண்டாவது பெட்டியிலும் அடியுங்கள். பூச்சியத்தையும் 'ஓ' எழுத்தையும் மாற்றிவிடாமல் வடிவாகப் பாருங்கள். சில கம்பனிகளின் பக்கத்தில் திருத்தம் செய்தாயிற்றா இல்லையா என்பதும் வரும். ஜப்பானின் போக்குவரத்து அமைச்சும் ரீகோல் விபரங்களைத் தன் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறது.

பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். வாகனத்தில் குத்தியிருக்கும் இலக்கத்தை நேரே பார்த்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

அங்கே மூன்று விதமான அறிவித்தல் வரும். முதலாவது ரீகோல், அதாவது சட்டப்படி இருக்க வேண்டிய பாதுகாப்பு இல்லாமல் போகக்கூடிய பிழை. இரண்டாவதுக்குக் 'கைசென் தைசாக்கு' என்று பெயர். சட்டத்தில் நேரடியாக இல்லாவிட்டாலும் ஆபத்து வரலாம் என்பதால் செய்யும் திருத்தம். மூன்றாவது சேர்விஸ் கம்பெய்ன், அது தரத்தைக் கூட்டுவதற்கு. முதல் இரண்டில் ஏதாவது வந்தால் தள்ளிப் போட வேண்டாம்.

ஏ9 சாரதி | திங்கள் காலை 6.05

தம்பிமார் கோபிக்க வேண்டாம், என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன்.

2002 இல் ஏ9 பாதை திறந்தபோது இந்த வீதியில் வான் ஓடத் தொடங்கினேன். 2006 இல் பூட்டினார்கள். திரும்பத் திறந்த நாளில் இருந்து இன்றுவரை ஹயர் ஓடுகிறேன். இத்தனை வருடத்தில் கம்பனிப் பிழையால் ஒரு வாகனம் ஆளைக் கொன்றதை நான் பார்த்ததில்லை. நான் பார்த்த சாவெல்லாம் நித்திரையில் ஓடியதால் வந்தது, தேய்ந்த ரயரால் வந்தது, இருட்டில் வீதியில் படுத்திருக்கும் மாட்டால் வந்தது. மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் இரவில் ஓடிப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

ஒரு நாள் வாகனம் நின்றால் ஒரு நாள் ஹயர் போகும். லீசிங் கட்டுகிறவனுக்கு அது சின்ன விசயம் இல்லை. பிறேக், ரயர், ஒயில் மூன்றையும் ஒழுங்காகப் பாருங்கள். ஜப்பான் பக்கத்தில் தேடி மினக்கெடுவதை விட அது பிரயோசனம் என்பது என் எண்ணம்.

டோர்ட்முண்ட் தம்பி | திங்கள் பகல் 1.40

முதல் பதிவில் வரும் சித்தப்பாவின் மகன் நான்தான். இங்கே எப்படி நடக்கிறது என்று எழுதினால் உதவும் என்று நினைக்கிறேன்.

ஜேர்மனியில் வாகனப் பதிவைக் கவனிக்கும் மத்திய அலுவலகம் ஒன்று இருக்கிறது. ஒரு கம்பனி பாதுகாப்பு ரீகோல் அறிவித்தால், அந்த வாகனங்கள் இப்போது யாருடைய பெயரில் இருக்கின்றன என்று பார்த்து விலாசத்தை எடுத்துக் கொடுப்பது அந்த அலுவலகம்தான். அதனால் வாகனம் கை மாறியிருந்தாலும் கடிதம் இன்றைய சொந்தக்காரரைத் தேடி வரும். பாரதூரமான பிழையாக இருந்து, கடிதம் வந்தும் போகாமல் இருந்தால், வாகனத்தை வீதியில் ஓடவே விடமாட்டார்கள்.

அண்ணாவின் வானுக்கு இப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் அது ஜப்பானில் முதலில் வைத்திருந்தவரின் வீட்டுக்குத்தான் போயிருக்கும். கப்பல் ஏறிய பிறகு அந்த வாகனம் எங்கே இருக்கிறது என்று கம்பனிக்குத் தெரியாது. பிழை மட்டும் வாகனத்தோடு கூடவே வந்து சேர்ந்திருக்கும். அதனால் அங்கே நாங்களாகத்தான் தேடிப் போக வேண்டும்.

காம்பர் வான் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விசயம். ஒரு காருக்குத் தாய் தகப்பன் ஒரே கம்பனி. காம்பருக்கு அப்படி இல்லை. கீழே உள்ள வானை ஒருவர் செய்கிறார், உள்ளே வீடு கட்டுகிறவர் வேறு, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, ஹீற்றர் எல்லாம் வேறு வேறு கம்பனி. ஒவ்வொருவரும் தனித்தனியாக ரீகோல் செய்வார்கள். வானுக்கு மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று விட்டால் பாதிதான் பார்த்தது.

பெரிய உதாரணம் ஒன்று சொல்கிறேன். 2006 இல் அமெரிக்காவில் டொமெற்றிக் கம்பனியின் குளிர்சாதனப் பெட்டிகள் சுமார் 9 லட்சம் ரீகோல் செய்யப்பட்டன. எல்லாம் காம்பர்களிலும் கரவன்களிலும் பூட்டிய பெட்டிகள். அவை கேஸிலும் ஓடும், அமோனியா கலந்த நீரைச் சூடாக்கிக் குளிரை உண்டாக்கும். சூடாகும் குழாயில் காலப்போக்கில் வெடிப்பு விழுந்து, உள்ளே இருப்பது கசிந்து தீப்பிடிக்கலாம் என்பதுதான் பிழை. வானுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வானின் இலக்கத்தை எத்தனை தரம் அடித்தாலும் அந்தப் பெட்டியின் பிழை வராது. பெட்டியில் உள்ள தகட்டைப் பார்த்து அதன் மாதிரி இலக்கத்தையும் தொடர் இலக்கத்தையும் தேட வேண்டும்.

ஓமந்தை கராச் | திங்கள் இரவு 8.50

ஏ9 சாரதி அண்ணைக்கு. நித்திரை, ரயர், மாடு என்று நீங்கள் சொன்ன மூன்றும் உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மாட்டையே எடுத்துக் கொள்வோம்.

இருட்டில் மாட்டில் முட்டினால் என்ன நடக்கும்? மோதலில் ஊதி வரும் பை, அதாவது எயார்பாக், விரியலாம். ஆளைக் காப்பாற்றத்தான் அது இருக்கிறது. அந்த எயார்பாக்கிலேயே பிழை இருந்தால்?

தகாட்டா என்ற ஜப்பான் கம்பனியின் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். உலகத்தில் பல கார்க் கம்பனிகளுக்கு எயார்பாக் செய்து கொடுத்தவர்கள். பையை ஊதவைக்க ஒரு இரும்புக் குடுவைக்குள் அமோனியம் நைத்திரேற்று வில்லைகளை வைத்தார்கள். ஈரத்தை உறிஞ்சும் பொருளைப் பெரும்பாலானவற்றில் வைக்கவில்லை. வருடக் கணக்கில் பகலில் சூடு, இரவில் தணிவு, இடையில் ஈரம் என்று மாறி மாறிப் படும்போது அந்த வில்லைகள் உதிர ஆரம்பிக்கும். உதிர்ந்தது மிக வேகமாக எரியும். அமுக்கம் தாங்காமல் குடுவையே வெடிக்கும். இரும்புத் துண்டு பையைக் கிழித்துக்கொண்டு கழுத்துக்கும் முகத்துக்கும் வரும். சின்ன மோதலில், ஆள் கீறல் இல்லாமல் இறங்க வேண்டிய மோதலில், செத்திருக்கிறார்கள்.

முதல் ரீகோல் 2008 இல் வந்தது. பிறகு அது வளர்ந்து, அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடி 70 லட்சம் குடுவைகள். உலகத்தில் இதைவிடப் பெரிய வாகன ரீகோல் நடந்ததில்லை. அமெரிக்காவில் குறைந்தது 28 பேர் இறந்தார்கள், 400 பேருக்கு மேல் காயப்பட்டார்கள். மலேசியாவிலும் சாவுகள் நடந்தன. தகாட்டா 2017 இல் வங்குரோத்தானது.

இப்போது எங்கள் பக்கத்துக்கு வாருங்கள். அமெரிக்க அரசாங்கம் எந்த இடங்களை முதலில் திருத்தச் சொன்னது தெரியுமா? புளோரிடா, ஹவாய், மெக்சிக்கோ வளைகுடாக் கரை. காரணம் சூடும் ஈரமும். வன்னி வேறு எப்படி இருக்கிறது? சித்திரை வைகாசியில் வெயிலில் நிறுத்திய வானின் டாஷ்போர்டில் கை வைக்க முடியாது. ஐப்பசி தொடங்கினால் மார்கழி முடியும்வரை மழையும் ஈரமும். இதைவிட மோசமான கலவை அந்த வில்லைகளுக்கு இல்லை. அதோடு 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 மாசியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். இடைப்பட்ட ஐந்து வருடமும் பழைய வாகனங்களைத்தான் எல்லோரும் மாறி மாறி வாங்கினோம். அந்த வில்லைகளுக்கு வயது கூடக் கூட ஆபத்தும் கூடும்.

ஜப்பானில் 2018 வைகாசியில் இருந்து, ஆபத்துக் கூடிய தகாட்டா எயார்பாக்கை மாற்றாத வாகனத்துக்கு வீதிப் பரிசோதனைச் சான்றே கொடுப்பதில்லை. ஆனால் அதற்கு முன் கப்பல் ஏறிய வாகனங்கள் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வரவில்லையே. அவை இங்கே இருக்கின்றன.

அண்ணை, நீங்கள் பிறேக்கையும் ரயரையும் பார்க்கிறீர்கள். அவை கண்ணுக்குத் தெரியும். இது தெரியாது. என் கராச்சுக்குக் கொண்டு வந்தாலும் நான் வெளியால் பார்த்துச் சொல்ல முடியாது. இலக்கத்தை வைத்துத்தான் தெரியும். பத்து நிமிடம்.

முல்லை அக்கா | திங்கள் இரவு 10.15

வாசித்துவிட்டு நித்திரை வரவில்லை. என் மகள் புதுக்குடியிருப்பில் பாடசாலைக்கு வானில் போகிறாள். சின்னப் பிள்ளை என்று முன் சீற்றில் இருத்திக் கூட்டிக்கொண்டு போவார்கள். வான்காரத் தம்பி நல்ல பிள்ளை, கவனமாக ஓடுகிறவர். அவரிடம் போய் உங்கள் வானில் பிழை இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது? நம்பவில்லை என்று நினைத்துவிடுவாரே.

ஓமந்தை கராச் | திங்கள் இரவு 10.40

அக்கா, செசி இலக்கத்தை மட்டும் கேளுங்கள். அல்லது இந்த இழையை அவருக்கு அனுப்பி, தம்பி நீங்களும் ஒருக்கால் பாருங்கள் என்று சொல்லுங்கள். ஓடுகிறவரின் நெஞ்சுக்கு முன்னாலும் ஒரு எயார்பாக் இருக்கிறது. இது அவருடைய உயிரும்தான்.

ரீகோல் இருக்கோ இல்லையோ, சின்னப் பிள்ளையை எயார்பாக் உள்ள முன் சீற்றில் இருத்த வேண்டாம். பை விரியும் வேகம் பெரிய ஆளை நினைத்துச் செய்தது. பின் சீற்று, சீற் பட்டி. இதை நாளைக்கே சொல்லுங்கள்.

ரொறன்ரோ மாமா | செவ்வாய் காலை 7.30

ஊர் முறிகண்டி, இருப்பது கனடா. ஹயர் ஓடுகிறவர்களுக்காக ஒன்று எழுத வேண்டும் போல இருந்தது.

2004 இல் கலிபோர்னியாவில் சகோதரிகள் இருவர் ஒரு வாடகைக் காரில் போனார்கள். மூத்தவருக்கு 24 வயது, இளையவருக்கு 20. அந்தக் காருக்கு ஏற்கெனவே ரீகோல் வந்திருந்தது. ஸ்ரியறிங் ஒயில் கசிந்து தீப்பிடிக்கலாம் என்பது பிழை. திருத்தாமலே வாடகைக்குக் கொடுத்திருக்கிறார்கள். போகும் வழியில் தீப்பிடித்து, கார் லொறி ஒன்றில் மோதி இருவரும் இறந்தார்கள். அவர்களின் தாய் வருடக் கணக்காக விடாமல் நின்றதால் 2015 இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. 35 வாகனத்துக்கு மேல் வைத்து வாடகைக்கு விடுகிறவர்கள், ரீகோல் உள்ள வாகனத்தைத் திருத்தாமல் கொடுக்கக் கூடாது. அந்தச் சட்டத்துக்குப் பிள்ளைகள் இருவரின் பெயரையும் வைத்திருக்கிறார்கள்.

இலங்கையில் அப்படி ஒரு சட்டம் இருந்தால்தான் பார்ப்போம் என்று நிற்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் இருந்து வருகிற நாங்கள் விமான நிலையத்துக்கு வான் பிடிக்கும்போதே இந்தக் கேள்வியைக் கேட்கலாம். காசு கொடுக்கிறவர் கேட்டால் ஓடுகிறவர் பார்ப்பார். இந்த முறை வரும்போது நான் கேட்கப் போகிறேன்.

இரணைமடுக் காற்று, கிளிநொச்சி | செவ்வாய் இரவு 9.00

பார்த்தேன். ஓமந்தை அண்ணை சொன்னபடியே இரண்டு பெட்டியிலும் அடித்தேன். மூன்று வரி வந்தது. இரண்டு செய்தாயிற்று. ஒன்று செய்யவில்லை.

செய்யாதது முன் பயணி பக்கத்து எயார்பாக்.

அம்மா எப்போதும் அந்தச் சீற்றில்தான். கால் நீட்ட வசதி என்று நானே அங்கே இருத்துவேன். இரண்டு வருடம். எத்தனை தரம் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கிறோம்.

இன்று காலை அந்த வகை வாகனங்களுக்கு இங்கே முகவராக உள்ள இடத்துக்கு எடுத்தேன். முதலில் பேசியவர், அது நாங்கள் இறக்கிய வாகனம் இல்லை, எங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்று வைத்துவிட்டார். எனக்குக் கை நடுங்கியது. அடுத்து என்ன செய்வது?

ஓமந்தை கராச் | செவ்வாய் இரவு 9.35

முதலில், திருத்தும்வரை முன் பயணி சீற்றில் யாரையும் இருத்த வேண்டாம். அம்மாவை இரண்டாவது வரிசையில் இருத்துங்கள்.

இரண்டாவது, தொலைபேசியில் முதலில் எடுக்கிறவர் சொல்வதை முடிவாக எடுக்க வேண்டாம். எழுத்தில் கேளுங்கள். செசி இலக்கம், ஜப்பான் பக்கத்தில் வந்த ரீகோல் இலக்கம், அந்தத் திரையின் படம், பதிவுப் புத்தகப் பிரதி எல்லாவற்றையும் வைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். விற்பனைப் பகுதிக்கு அல்ல, சேர்விஸ் முகாமையாளருக்கு. அதன் பிரதி ஒன்றை ஜப்பானில் உள்ள தலைமைக் கம்பனியின் வாடிக்கையாளர் பகுதிக்கும் அனுப்புங்கள். நீங்கள் இறக்கியதா இல்லையா என்று நான் கேட்கவில்லை, இந்தப் பிழை இந்த இலக்கத்தில் திறந்தே இருக்கிறது, இதை இலங்கையில் எங்கே திருத்தலாம் என்று கேட்கிறேன் என்று எழுதுங்கள். அனுப்பிய திகதியையும் பேசியவரின் பதவியையும் குறித்து வையுங்கள். பதிலே வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு கொடுக்கலாம். மாவட்டச் செயலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

என் வாடிக்கையாளர்களில் சிலருக்கு முகவர்களே காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள், ஜப்பானில் இருந்து நேரே வந்த வாகனங்களுக்கும் சேர்த்து. சிலருக்கு உதிரிப்பாகம் வரும்வரை மாதக் கணக்கு. ஒரே மாதிரி இல்லை. கேட்டவர்களுக்குக் கிடைத்தது.

பரந்தன் பெடியன் | செவ்வாய் இரவு 10.10

அண்ணா, மாதக் கணக்கில் ஏன் நிற்க வேண்டும்? பழைய வாகனம் உடைக்கிற இடத்தில் அதே மாதிரி எயார்பாக் வாங்கிப் போடலாமே. இல்லாவிட்டால் கழற்றிவிட்டு, மீற்றரில் எயார்பாக் எச்சரிக்கை லைற் எரியாமல் ஒரு சின்ன ரெசிஸ்ரர் போட்டுவிடலாம். செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

ஓமந்தை கராச் | செவ்வாய் இரவு 10.30

வேண்டாம் தம்பி. இரண்டும் வேண்டாம்.

உடைக்கிற இடத்தில் உள்ளது எந்த வாகனத்தில் இருந்து வந்தது? அதே வயது, அதே மாதிரி. அதிலும் அதே குடுவைதான் இருக்கும். பிழையைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறீர்கள். கழற்றும்போது கையில் வெடித்தால் அங்கே நிற்கிறவனின் முகம் போகும். அது வெடிபொருள், அதைத் தொடுவதற்குப் பயிற்சி வேண்டும். நான் 22 வருடமாக வாகனம் திருத்துகிறேன், எயார்பாக் குடுவையில் கை வைப்பதில்லை.

ரெசிஸ்ரர் கதை அதைவிட மோசம். லைற் எரியாது, எயார்பாக்கும் இல்லை. நீங்கள் அந்த வாகனத்தை விற்பீர்கள். வாங்குகிறவர் எயார்பாக் இருக்கிறது என்று நம்பித் தன் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போவார்.

பரந்தன் பெடியன் | செவ்வாய் இரவு 10.52

விளங்குது அண்ணை. நான் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை.

டோர்ட்முண்ட் தம்பி | புதன் பகல் 2.15

அண்ணா, எயார்பாக் அலுவல் நடக்கட்டும். காம்பர் வேலையிலும் ஒரு கவனம் வேண்டும். மற்ற நாடுகளில் வீடு கட்டும் கம்பனி பிழை விட்டால் அது ரீகோல் செய்யும். உங்கள் வானில் வீடு கட்டுகிறவர் நீங்கள்தான். உங்களுக்கு யாரும் கடிதம் போட மாட்டார்கள். அதனால் இங்கே காம்பர்களுக்கு எவற்றால் ரீகோல் வருகிறது என்று பார்த்து, அவற்றை முதலே தவிர்த்துக் கொள்ளலாம்.

கூடுதலாக வருவது கேஸ். சிலிண்டரை வானுக்குள் கட்டிலுக்குக் கீழே வைக்க வேண்டாம். சமையல் கேஸ் காற்றை விடப் பாரமானது, கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கி நிற்கும். சிலிண்டருக்குத் தனிப் பெட்டி, உள்பக்கம் முழுதாக அடைத்து, கதவு வெளிப்பக்கம், அடியில் வெளியே போகிற துவாரம். 2021 கார்த்திகை மார்கழியில் நாடு முழுவதும் குசினிகளில் கேஸ் வெடித்தது ஞாபகம் இருக்கும். கேஸில் புரொப்பேன், பியூற்றேன் கலவையை மாற்றியதால் அமுக்கம் கூடியது என்று விசாரணையில் வந்தது. வீட்டில் யன்னல் கதவு இருந்தும் அப்படி. வான் ஒரு சின்னப் பெட்டி.

அடுத்தது பாரம். இங்கே காம்பர் ரீகோல்களில் பார ஒட்டி பிழை என்றே நிறைய வரும். எவ்வளவு ஏற்றலாம் என்று ஒட்டியதில் தவறு, ரயரும் அச்சும் தாங்காது. 60 லீற்றர் தண்ணீர் 60 கிலோ. 12.5 கிலோ கேஸ் என்பது உள்ளே இருக்கும் கேஸின் நிறை மட்டும், இரும்புச் சிலிண்டரின் நிறை வேறு. பற்றரி, பலகை, ஆட்கள். எல்லாம் ஏற்றிய பிறகு லொறி நிறுக்கும் தராசில் ஒருக்கால் நிறுத்துப் பாருங்கள். நெல் ஆலைகளில் இருக்குமே.

அப்புறம் புகை. உள்ளே சமைக்கும்போது யன்னல் திறந்திருக்க வேண்டும். அடுப்பை எரியவிட்டுக் குளிர் காயக் கூடாது. காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, நித்திரையிலேயே கொண்டுபோய்விடும். அதற்கு அலாரம் இருக்கிறது, நான் வரும்போது இரண்டு கொண்டு வருகிறேன்.

இரணைமடுக் காற்று, கிளிநொச்சி | புதன் இரவு 8.20

சிலிண்டரைக் கட்டிலுக்குக் கீழேதான் வைத்திருந்தேன் தம்பி. இன்று கழற்றி வெளியே எடுத்துவிட்டேன்.

ஓமந்தை கராச் | புதன் இரவு 8.45

நல்லது. இன்னொன்று, சீற்றைக் கழற்றி வாகனத்தின் தன்மையை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக் கம்பனியிலும் அறிவித்து எழுத்தில் எடுங்கள். சொல்லாமல் விட்டால், விபத்து நடந்த அன்று காப்புறுதிக்காரர் அதைத்தான் முதலில் கேட்பார்.

ஏ9 சாரதி | சனி பகல் 12.30

மூன்று நாள் இங்கே வரவில்லை. மகளிடம் கொடுத்து எங்கள் இரண்டு வானையும் பார்க்கச் சொன்னேன். மாட்டைப் பற்றிச் சொன்ன கதை மனதை விட்டுப் போகவில்லை. போன வருடம் பனிக்கன்குளத்தில் நான் ஒரு மாட்டில் முட்டினேன். மெதுவாகத்தான். எயார்பாக் விரியவில்லை. அன்று விரிந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கிறேன்.

ஒரு வானுக்கு ஒன்றும் இல்லை. மற்றதுக்கு ஒன்று இருக்கிறது, எயார்பாக் இல்லை, பின் கதவுப் பூட்டு சம்பந்தமானது. அதையும் கொண்டுபோய்க் காட்டப் போகிறேன். எங்கள் சங்கத்தில் உள்ள மற்ற ஆட்களின் செசி இலக்கத்தையும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், மகள் ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். முதலில் எழுதியதை நான் அழிக்கவில்லை. என்னைப் போல நினைக்கிறவர்கள் அதையும் வாசித்துவிட்டு இதையும் வாசிக்கட்டும்.

முல்லை அக்கா | சனி பின்னேரம் 5.00

வான்காரத் தம்பி இலக்கம் தந்தார். கோபிக்கவே இல்லை. பார்த்தோம், எல்லாம் செய்தாயிற்று என்று வந்தது. மகள் இப்போது பின் சீற்றில். முன் சீற்றில் இனி எந்தப் பிள்ளையையும் இருத்தமாட்டேன் என்று அவராகவே சொன்னார்.

இரணைமடுக் காற்று, கிளிநொச்சி | ஐந்து கிழமைக்குப் பிறகு, வியாழன் இரவு 9.15

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன். இரண்டு மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. மூன்றாவதை ஜப்பானுக்கும் சேர்த்து அனுப்பினேன். எட்டாவது நாள் முகவரின் சேர்விஸ் பகுதியில் இருந்து ஒருவர் எடுத்தார், மரியாதையாகக் கதைத்தார். உதிரிப்பாகம் வர மூன்று கிழமை எடுத்தது. இன்று காலை யாழ்ப்பாணத்தில் உள்ள அவர்களின் வேலைத்தளத்தில் மாற்றினார்கள். இரண்டு மணித்தியாலம். காசு வாங்கவில்லை. பழைய குடுவையின் இலக்கமும் புதியதின் இலக்கமும் எழுதிய தாள் ஒன்று கேட்டு வாங்கினேன், பதிவுப் புத்தகத்தோடு வைத்திருக்கிறேன்.

அம்மாவும் வந்தா. போகும்போது பின்னால் இருந்தா, வரும்போது முன்னால்.

ஒரு கேள்வி மிச்சம். கேஸ் பெட்டியை இடது பக்கம் பின்னுக்கு வைக்கிறேன். அடித் துவாரம் விடும் இடத்துக்குக் கிட்டத்தான் சைலன்சர் குழாய் போகிறது. பிரச்சினையா?

ஓமந்தை கராச் | வியாழன் இரவு 9.40

பிரச்சினைதான். கசிகிற கேஸ் நேரே சூட்டுக் குழாயில் போய் விழும். பெட்டியை வலது பக்கம் மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை வானைக் கொண்டு வாருங்கள் தம்பி, துவாரத்தைச் சேர்ந்தே போடுவோம்.